மூன்று நாள் ஒரே எண்

போன வருடம் மகள் மைராவின் நிச்சயதார்த்த விருந்தில் எவரிஸ்டோ காய்ச்சிய பியர் பாட்டில் ஒன்று வெடித்து, சம்பந்தி அமாதோவின் பொய்ப்பல் தட்டில் வந்து விழுந்தது. கண்ணாடித் துண்டு எதுவும் அவர் மேல் படவில்லை. சத்தத்துக்கு அவர் வாயைப் பிளந்தார், பல் தானாகக் கழன்றுகொண்டது, அவ்வளவுதான். இந்த நுணுக்கமெல்லாம் எல் போல்சோன் ஊரில் யார் காதில் ஏறும்? மறுநாள் காலை ரொட்டிக்கடை வாசலில் "எவரிஸ்டோ சம்பந்தி பல்லைத் தட்டிட்டாராமே" என்றார்கள். சாயங்காலத்துக்குள் அவருக்குக் 'கண்ணிவெடி' என்று பெயரும் வைத்தாயிற்று. முப்பது வருடம் தபாலாபீசில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற மனிதர், பாவம். அவர் தெருவில் வந்தால் ஜனங்கள் கேலிக்குக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

அமாதோ சும்மா இருப்பாரா? இறைச்சிக்கடைக்காரர், போதாக்குறைக்கு ஊர்க் கால்பந்துக் கழகத்தின் தலைவர். வாய் ஓயவே ஓயாது. "என் பையன் கல்யாணத்துல அந்த வீட்டு பியர் ஒரு பாட்டில் உள்ள வந்துச்சுன்னா, நான் வெளிய போயிடுவேன்" என்று எலும்பு வெட்டும்போதெல்லாம் சொன்னார். எவரிஸ்டோவுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. மகள் கல்யாணத்தில் தன் கையால் காய்ச்சிய பியரைத் தொண்ணூறு பாட்டில், ஒன்றுகூட வெடிக்காமல் ஊற்றிக் காட்டுவேன், முதல் பாட்டிலை அந்த அமாதோ கையாலேயே திறக்க வைப்பேன் என்று சபதம் எடுத்தார்.

தப்பு எங்கே நடந்தது என்று அவருக்குத் தெரியும். பீப்பாய் மூடியில் தண்ணீர் ஊற்றிய வளைகுழாய் ஒன்று இருக்கும். உள்ளே ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னத் தின்ன, அந்தக் குழாய் வழியாக 'ப்ளக், ப்ளக்' என்று குமிழி வரும். போன வருடம் குமிழி நின்றதும் வேலை முடிந்தது என்று நம்பி அடைத்துவிட்டார். எங்கே முடிந்தது? மலைக் குளிருக்கு ஈஸ்ட் சுருண்டு படுத்திருந்தது. விருந்தன்று அடுப்புச் சூடு பட்டதும் பாட்டிலுக்குள்ளேயே எழுந்து உட்கார்ந்துவிட்டது. அதனால் இந்தத் தடவை அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவை ஒன்று வாங்கினார். சர்க்கரை குறையக் குறைய மிதவை இறங்கும், அதன் கழுத்தில் எண் குறையும். மூன்று நாள் தொடர்ந்து ஒரே எண் வந்தால் அடைக்கலாம். அதற்கு முன்னால் போப்பாண்டவரே வந்து சொன்னாலும் அடைக்கக் கூடாது.

"குமிழி பொய் சொல்லும் டெல்ஃபினா, நம்பர் பொய் சொல்லாது" என்றார் மனைவியிடம்.

"அந்த நம்பர்கிட்ட, என் துணி துவைக்கிற ரூம் எப்ப காலியாகும்னு கேட்டுச் சொல்லு கிழவா" என்றாள் அவள்.

வம்பு வேறு பக்கத்திலிருந்து வந்தது. பீப்பாய் முதல் குமிழி விட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதே ஞாயிறு, அதே பிற்பகல், பதினொரு வருடமாகத் தோற்பதையே தொழிலாக வைத்திருந்த ஊரின் கோல்மேனா கழகம் மூன்று கோல் போட்டு ஜெயித்தது. கோல்கீப்பர் யார் என்கிறீர்கள்? அமாதோவின் மகன் நஸரேனோ, எவரிஸ்டோவுக்கு வரப்போகும் மருமகன்.

ஒரு தடவை ஜெயித்துவிட்டால் அந்த ஊர்க்காரர்கள் எதையும் மாற்ற மாட்டார்கள். அன்று யார் எங்கே உட்கார்ந்தார்களோ அங்கேதான் உட்கார வேண்டும். போட்ட காலுறையைத் துவைக்கக் கூடாது. அன்று பாதி ஆட்டத்தில் வந்து சேர்ந்த பாதிரியார் இனி எப்போதும் பாதி ஆட்டத்தில்தான் வர வேண்டும். அன்று தூறலுக்குக் குடை பிடித்த டெல்ஃபினா, அடுத்த வாரம் சுட்டெரிக்கும் வெயிலிலும் அதே குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எவரிஸ்டோ அன்று வீட்டில் பீப்பாய்க்குக் காவலாக இருந்தார் அல்லவா? தீர்ந்தது. இனி அவர் மைதானத்துப் பக்கம் தலைகாட்டக் கூடாது. ஒரு நாள் மருமகன் ஆடுவதைப் பார்க்கலாமே என்று போனவரை இரண்டு தடியன்கள் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, மிகுந்த மரியாதையோடு வீட்டில் கொண்டுவந்து வைத்தார்கள்.

அப்புறம் ஜெயம், மறுபடி ஜெயம். ஐந்து ஞாயிறு போயிற்று. பீப்பாய் குமிழி விடும்வரை கழகம் தோற்காது என்று ஊர் முழுக்க நம்பியது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் பலிக்காதாம். இந்த ஞாயிறு இறுதி ஆட்டம். அதற்குப் பதின்மூன்றாம் நாள், சனிக்கிழமை, கல்யாணம். பாட்டிலில் அடைத்த பியருக்கு நுரை கட்டச் சுமார் இரண்டு வாரம் வேண்டும்.

இரண்டு வாரத்தில் அடங்க வேண்டிய பீப்பாய் ஆறாவது வாரமும் ப்ளக், ப்ளக் என்றுகொண்டிருந்தது. திங்கள் காலை மிதவையைப் போட்டார். 1012. அறைக் கதவின் பின்பக்கம் சாக்பீசால் எழுதிவைத்தார். செவ்வாய் 1016. புதன் 1021.

எண் ஏறுகிறது! உலகத்தில் எந்த பியரிலாவது எண் ஏறுமா? தின்ற சர்க்கரையை ஈஸ்ட் திரும்பக் கக்குமா? மிதவை கெட்டுவிட்டதோ என்று பச்சைத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார். தண்ணீருக்கு உரிய ஆயிரம், நூல் பிசகவில்லை. கண் கெட்டுவிட்டதோ என்று தன் கண்ணாடிக்கு மேல் டெல்ஃபினாவின் கண்ணாடியையும் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் 1021தான். கழுவிய வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, "எனக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்று பீப்பாயிடமே சொன்னார். ப்ளக் என்றது அது.

என்றாவது அடைக்கத்தானே போகிறோம், நுரை கட்டுவதற்காகப் பாட்டிலில் அளந்து போடக் கொஞ்சம் சர்க்கரை வாங்கி வைக்கலாம் என்று மளிகைக்கடைக்குப் போனார்.

"சர்க்கரையா? பள்ளத்தாக்கு முழுக்கவே இல்ல, கண்ணிவெடி" என்றாள் கடைக்காரி. "லாரி அடுத்த வாரம்தான் வரும்."

"எப்படி ஒரேயடியா தீர்ந்துச்சு?"

"எல்லாரும் கேக் பண்றாங்கபோல" என்றாள், கூரையைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தார். சர்க்கரை டப்பா காலி. அந்த வீட்டில் மாத்தே இலைத் தேநீரைக் கசப்பாகவே உறிஞ்சுவார்கள், ஒரு கிலோ சர்க்கரை அரை வருடம் வரும். எவரிஸ்டோ டப்பாவை முகர்ந்தார், கதவில் எழுதிய எண்களைப் பார்த்தார், மெல்ல மெல்ல அவருக்கு முகம் சிவந்தது.

வியாழன் மதியம் துணி துவைக்கும் அறையில், கொடியில் உலரப் போட்டிருந்த படுக்கை விரிப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். ஒரு மணியிலிருந்து நாலு மணிவரை அந்த ஊர் தூங்கும். கடைகள் சாத்தியிருக்கும், நாய்கூடக் குரைக்காது, அந்த நேரத்தில் அடுத்தவன் வீட்டுக் கதவைத் தொடுகிறவனை மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள். ஒன்றரை மணிக்குப் பின்கதவு திறந்தது. ஆள் தெரிவதற்கு முன்னால் நாற்றம் வந்தது. ஆறு வாரமாகத் துவைக்காத காலுறை.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அமாதோ! ஊரெல்லாம் அந்த பியரைத் திட்டித் தீர்த்த அதே அமாதோ! பூனை மாதிரி நடந்து வந்து, மூடியைத் திறந்து, காகிதப் பையிலிருந்து சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டினார். கண்ணேறு படாமலிருக்க அவ்வூர் ஆண்கள் செய்வதுபோல இடுப்புக்குக் கீழே இடது பக்கம் ஒரு தடவை தொட்டுக்கொண்டார்.

"தின்னு ராசா, தின்னு" என்று பீப்பாயைத் தடவிக்கொடுத்தார். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் மூச்ச நிறுத்திடாத."

அதற்குள் கதவு மறுபடி கிரீச்சிட்டது. அமாதோ பதறிப்போய் விரிப்புக்குப் பின்னால் பாய்ந்தார். பாய்ந்த இடத்தில் எவரிஸ்டோ. இரண்டு சம்பந்திகளும் மூக்கோடு மூக்கு உரச நின்றார்கள்.

"என்ன சம்பந்தி, இங்க?" என்று அமாதோ கிசுகிசுத்தார்.

"என் வீடுய்யா இது!"

"ஷ்ஷ்! யாரோ வர்றாங்க."

வந்தது நஸரேனோ. இரண்டு பாக்கெட்டிலிருந்தும் சர்க்கரைக் கட்டிகளை எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டான், ஒவ்வொன்றுக்கும் ஒரு புனிதரின் பெயரைச் சொல்லி. பன்னிரண்டாவது புனிதரோடு கதவு இன்னொரு தடவை திறந்தது. டெல்ஃபினா, கையில் சுண்டக் காய்ச்சிய பால்பாகு ஜாடி, வாயில் கரண்டி.

"அத்தை!"

"கத்தாதடா. உங்க மாமா எங்கேயாவது படுத்திருப்பாரு. நீ எவ்ளோ போட்ட?"

"பன்னெண்டு கட்டி."

"நான் தினமும் ரெண்டு கரண்டிதான். அதிகமா போட்டா கண்டுபிடிச்சிருவாரு, பாவம், ரொம்ப சூட்சுமமான மனுஷன்."

எவரிஸ்டோ விரிப்பைப் பிடித்து இழுத்தார். கொடி அறுந்தது. நாலு பேரும் ஈரத் துணிக்கு நடுவே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திறந்திருந்த கதவு வழியே பார்த்தால், கொல்லையில் ப்ளம் மரம்வரை ஆட்கள் காலுறையோடு சத்தம் போடாமல் வரிசையில் நின்றிருந்தார்கள், கையில் பொட்டலத்தோடு. மளிகைக்கடைக்காரியும் நின்றாள். பாதிரியார் தேன் கொண்டுவந்திருந்தார்.

"மூணு நாளா எனக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சுன்னு நெனச்சேன்!" என்று கத்தினார் எவரிஸ்டோ. "ராத்திரி தூக்கமில்ல. ரெண்டு கண்ணாடி போட்டுப் பாத்தேன்! நீயுமா டெல்ஃபினா? என் பொண்ணு கல்யாணத்துக்குய்யா இது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தலை நிமிந்து ஊத்தணும்னு ஆசப்பட்டேன். அதுகூட உங்களுக்குப் பொறுக்கலையா?"

டெல்ஃபினா கரண்டியை ஏப்ரனுக்குள் மறைத்தாள், கண்ணைத் துடைத்தாள். வரிசை மெல்லப் பின்வாங்கியது.

"சம்பந்தி" என்றார் அமாதோ. அவர் கெஞ்சி ஊர் பார்த்ததில்லை. "பதினோரு வருஷம்யா. ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தோத்துட்டு வீட்டுக்குப் போய் சோறு எறங்காம ஒக்காந்திருக்கேன். என்ன வேணா கேளு."

எவரிஸ்டோ கேட்டார். இனி ஒருத்தரும் ஒரு சிட்டிகைகூடப் போடக் கூடாது. கொண்டுவந்ததையெல்லாம் இங்கேயே அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். கல்யாணத்தன்று முதல் பாட்டிலை அமாதோதான் திறக்க வேண்டும்.

அமாதோ தன் பல்வரிசையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி. தெறக்கிறேன். ஞாயிறு வரைக்கும் குமிழி வருமா?"

"அது ஈஸ்டுக்குத்தான் தெரியும்."

வெள்ளி 1019. சனி 1014. ஞாயிறு காலை 1011. எண் ஒழுங்காக இறங்கியது. எவரிஸ்டோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. செவ்வாய்க்கிழமை வாக்கில் ஓய்ந்துவிடும், புதன், வியாழன் சரிபார்த்து அடைத்துவிட்டால் ஒன்பது நாள் மிச்சம், துணியைச் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தால் நுரை கட்டிவிடும் என்று விரல்விட்டு எண்ணினார். மதியம் ஊரே மைதானத்துக்குப் போயிற்று. அவர் வழக்கம்போல் பீப்பாய் பக்கத்தில் வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து ரேடியோவைத் திருகினார்.

முதல் பாதியில் நிமிடத்துக்கு இரண்டு குமிழி. மலையிலிருந்து குளிர்காற்று கிளம்பி ஜன்னலை ஆட்டியது. அறுபதாவது நிமிடம் கோல்மேனா ஒரு கோல் போட்டது. எவரிஸ்டோ துள்ளிக் குதித்து பீப்பாயைக் கட்டிக்கொண்டார், பிறகு வெட்கப்பட்டு விலகி உட்கார்ந்தார். எண்பதாவது நிமிடம் ஒரு ப்ளக். எண்பத்தைந்தில் ஒன்று. அப்புறம் இல்லை.

இதைத்தானே வேண்டினேன், என்று தனக்குத்தானே சொன்னார். அடங்கட்டும். குமிழிக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கூட்டம் இது. படித்தவன், முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன், நான் இதையெல்லாம் நம்பலாமா?

ரேடியோக்காரன் அலறினான். எதிராளிக்குப் பெனால்ட்டி. கடைசி நிமிடம்.

மைதானம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டது ரேடியோவிலேயே கேட்டது. "நஸரேனோ கையுறையில எச்சி துப்புறான்... தனியா நிக்கிறான், பாவம்" என்றான் ரேடியோக்காரன். எவரிஸ்டோ குழாயைப் பார்த்தார். அசைவில்லை. அந்தப் பையன் பன்னிரண்டு புனிதர்களின் பெயரைச் சொல்லிப் போட்ட சர்க்கரைக் கட்டி கண்முன் வந்தது. தோற்றுவிட்டு, தொங்கிய முகத்தோடு தன் மகள் பக்கத்தில் மாப்பிள்ளையாக நிற்கப்போவது வந்தது. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன் என்பது வந்தது.

"நாசமாப் போக!" என்று எழுந்தார். மூடியைத் திறந்தார். அலமாரியில் இருந்த பொட்டலம், கட்டி, பாதிரியாரின் தேன், பால்பாகு ஜாடி, எல்லாவற்றையும் ஒரே வீச்சில் உள்ளே கவிழ்த்தார்.

வாயு நிறைந்த பியரில் ஒரே மூச்சாகச் சர்க்கரையைக் கொட்டினால் என்ன ஆகும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அடுத்தவனுக்கு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். பீப்பாய் ஒரு தடவை உறுமிவிட்டு நுரையைக் கூரைக்கு அனுப்பியது. அடித்த நுரை அவரைச் சுவரோடு தள்ளியது, கதவின் எண்களை அழித்தது, ரேடியோவை முழுக்காட்டியது. ரேடியோ சாகும் முன் கடைசியாக ஒன்று கேட்டது: "புடிச்சிட்டான்! நஸரேனோ புடிச்சிட்டான்!"

எவரிஸ்டோ தரையில் உட்கார்ந்து சிரித்தார், அழுதார், தாடையிலிருந்து சொட்டியதை நக்கினார். நல்ல பியர். பாதிக்கு மேல் போய்விட்டது.

ஊர்வலம் மேளத்தோடு நேராகத் துணி துவைக்கும் அறைக்குத்தான் வந்தது. முன்னால் அமாதோ, கையில் கோப்பை. கதவைத் திறந்தவர் சொட்டும் கூரையைப் பார்த்தார். காலிப் பொட்டலங்களைப் பார்த்தார். நனைந்த கோழியாக உட்கார்ந்திருந்த எவரிஸ்டோவைப் பார்த்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். அமாதோ பேசாமல் நின்றது அந்த ஊருக்குக் கோப்பையைவிடப் பெரிய செய்தி.

மறுநாள் மிதவை 1024 என்றது. ஒருத்தரும் பக்கத்தில் வரவில்லை, டெல்ஃபினா துணியைக்கூட ஆற்றங்கரையில் துவைத்தாள். எண் தன் பாட்டுக்கு இறங்கியது. அடுத்த ஞாயிறு 1010. திங்கள் 1010. செவ்வாய் 1010. கல்யாணத்துக்கு நாலே நாள்.

"அடைக்கும்போது கொஞ்சம் சர்க்கரை கூடப் போட்டா சீக்கிரம் நுரை வராதா கிழவா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள் டெல்ஃபினா.

"வரும். சம்பந்தி பல்லும் கூட வரும்" என்றார் எவரிஸ்டோ. அளந்து போட்டு, நாற்பது பாட்டிலை அடைத்து மூடினார்.

கல்யாணத்தில் முழு ஆடு நெருப்பில் வெந்துகொண்டிருந்தது, அக்கார்டியன் வாசித்தார்கள், மைரா மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வாய் நிறையச் சிரித்தாள். முதல் பாட்டில் மேசைக்கு வந்ததும் அக்கார்டியன் நின்றது. அமாதோ மகனிடம் கையை நீட்டினார். பெனால்ட்டி பிடித்த அதே கையுறைகளை நஸரேனோ கொடுத்தான். அவர் அவற்றை மாட்டிக்கொண்டார், பொய்ப்பல்லைக் கழற்றிச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினார். ஜனங்கள் நாற்காலிக்குப் பின்னால் பதுங்கினார்கள். பாதிரியார் டெல்ஃபினாவின் குடைக்குள் நுழைந்துகொண்டார்.

மூடி கழன்றது. ஒரு சத்தமும் இல்லை. 'உஸ்' என்றுகூட இல்லை.

"வெடிச்சிருச்சா?" என்று மேசைக்கு அடியிலிருந்து யாரோ கேட்டார்கள்.

அமாதோ கிளாசில் ஊற்றினார். கலங்கிய தேநீர் மாதிரி சப்பென்று கிடந்தது, நுரையின் சுவடே இல்லை. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எவரிஸ்டோவுக்கு உடம்பெல்லாம் கூசியது. தலை நிமிர்ந்து ஊற்ற வேண்டிய நாள் இது.

"நாலு நாள்தான் கெடச்சுது, சம்பந்தி. இன்னும் பத்து நாள் இருந்திருந்தா..."

"நீ வாய மூடு" என்றார் அமாதோ, பல்லில்லாத வாயால். மளமளவென்று குடித்தார், கிளாசைக் கவிழ்த்துக் காட்டினார். பிறகு சிரித்தவர்கள் பக்கம் திரும்பினார். "என்னடா இளிப்பு? இந்த பியர்ல ஏன் நுரை இல்லன்னு எனக்குத் தெரியும். அந்த நுரை எங்க போச்சுன்னு என் கண்ணால பாத்தவன் நான். கோப்பைய வாங்கிக் குடுத்தது அதுதான்."

நஸரேனோ எழுந்து வந்து எவரிஸ்டோவின் தோளில் கை வைத்தான். "மாமா, எனக்கும் ஒன்னு ஊத்துங்க" என்றான்.

"மொதல்ல எனக்கு" என்று அமாதோ கிளாசை நீட்டினார்.

எவரிஸ்டோ பாட்டிலைச் சாய்த்தார். நுரை இல்லாததால் விளிம்புவரை ஊற்ற முடிந்தது.